பூட் லோடரைப் போனில் சொல்லிச் சரிசெய்ய முடியுமா?

லினக்ஸ் போட்டுக்கொள்ள வருகிறவர்கள் கடைப்படி ஏறும்போதே கேட்பது, உபுண்டு நல்லதா மின்ட் நல்லதா என்று. அடுத்தது, தமிழ் டைப்பிங் வருமா. மூன்றாவது, பிரிண்டர் வேலை செய்யுமா. மூன்றும் நியாயமான கேள்விகள். கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இவற்றுக்குப் பதில் சொல்லியே பாதி நாள் போய்விடும். ஆனால் ஒரு நாள் கணினி பாதி வழியில் நின்றுகொண்டு உள்ளே போக மறுத்தால், அதற்குக் காரணமாக இருக்க நிறைய வாய்ப்புள்ள ஒரு பொருளைப் பற்றி யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. அதுதான் பூட் லோடர்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. லினக்ஸை நிறுவித் தரும் மென்பொருளே பெரும்பாலும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. என்ன மொழி, எந்தக் கீபோர்டு, எந்த ஊர் நேரம் (கும்பகோணத்துக்காரர்களும் கொல்கத்தாவைத்தான் தொட வேண்டும்), உங்கள் பெயர் என்ன என்றெல்லாம் விசாரித்துவிட்டு, பூட் லோடர் என்று வரும்போது மட்டும் கிரப் என்ற லோடரைப் போட்டு வேலையை முடித்துவிடுகிறது. உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா எதுவானாலும் வழக்கமான முறையில் நிறுவினால் வீட்டுக் கணினியில் வந்து உட்காருவது கிரப்தான்.

இது மாற வேண்டும் என்பது என் கட்சி. ஓரளவு புதிய கணினி, அதில் ஒரே ஒரு லினக்ஸ், கூட இருந்தால் ஒரு விண்டோஸ். நம் ஊர் வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் இருப்பது இவ்வளவுதான். இதற்குக் கிரப் தேவையில்லை. இதைவிட எளிய லோடர்கள் இருக்கின்றன. எது எளியது என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். ராத்திரி ஒன்பது மணிக்குக் கணினி நின்றுபோனால், நான் போனில் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் படிக்காத ஒருவர் தட்டிச் சரிசெய்துகொள்ள முடிய வேண்டும். முடிந்தால் அது எளியது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடத் தொடங்குவது மதர்போர்டிலேயே இருக்கும் ஃபர்ம்வேர். ரேம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்கிலிருந்து ஒரு சிறு நிரலை எடுத்து ஓட்டுகிறது. அதுதான் பூட் லோடர். லினக்ஸின் கெர்னலையும், அது எழுந்திருக்கத் தேவையான டிரைவர்களைக் கட்டிவைத்த இனிட்ராம்எஃப்எஸ் என்ற மூட்டையையும் ரேமில் ஏற்றும். லினக்ஸ் எந்த பார்ட்டிஷனில் இருக்கிறது என்று கெர்னலிடம் ஒரு வரி சொல்லும். அப்புறம் ஒதுங்கிவிடும். மறுபடி கணினியை அணைத்துப் போடும்வரை அதற்கு வேலையே கிடையாது.

சில நொடி வேலைக்கு ஏன் இவ்வளவு பெரிய மென்பொருள் வந்தது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பயாஸ் என்ற பழைய ஃபர்ம்வேர் காலத்தில் டிஸ்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும்தான் ஃபர்ம்வேர் எடுத்துக் கொடுக்கும். அதில் பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64, முத்திரைக்கு 2 போக, லோடருக்கு மிஞ்சுவது 446 பைட். இன்றைய யூனிகோடு முறையில் கோப்பில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கிறது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. அந்த 446 பைட்டில் இந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்களைக்கூட அடைக்க முடியாது. அதற்குள் நிரல் எழுதி லினக்ஸைக் கிளப்பினார்கள்.

1992இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதத் தொடங்கிய லிலோ அப்படிப்பட்டது. அதற்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. கெர்னல் டிஸ்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்துவரும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோ கட்டளையை மறுபடி ஓட்டாமல் விட்டால் பட்டியல் பழையதாகவே இருக்கும், அடுத்த முறை கணினி கிளம்பாது. தொல்லைதான். ஆனாலும் அதில் ஒரு குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒன்றொன்றாகத் திரையில் போடும். ஒரே எழுத்தோடு நின்றால் ஒரு கோளாறு, இரண்டோடு நின்றால் இன்னொன்று. "எத்தனை எழுத்து வந்திருக்கு?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். என் போன் சோதனைக்கு இதைவிடத் தோதான பிழைச்செய்தியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. 2015 டிசம்பரோடு அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள்.

கிரப் 1995இல் எரிக் போலின் எழுத ஆரம்பித்தது. முதலில் அது லினக்ஸுக்காக எழுதப்பட்டதே இல்லை, குனு ஹர்டு என்ற வேறொரு இயங்குதளத்துக்காக. லிலோவிடம் இல்லாத திறமை ஒன்று அதற்கு இருந்தது: ஃபைல் சிஸ்டத்தைத் தானே படிக்கும். கெர்னல் எங்கே நகர்ந்தாலும் பெயரைச் சொன்னால் தேடி எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் அது எங்களுக்குப் பெரிய விடுதலை, அதை மறுக்க மாட்டேன். பழைய கிரப் 2005இல் 0.97 என்ற பதிப்போடு நின்றது. அடியோடு திருப்பி எழுதிய கிரப் 2, 2012இல் 2.00 என்ற எண்ணை எட்டியது. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருப்பது அதன் வாரிசு.

அது எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று பாருங்கள். எக்ஸ்ட் 4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் என்று ஃபைல் சிஸ்டம்களைப் படிக்கும். ரெய்டு தெரியும், எல்விஎம் தெரியும், பூட்டிய டிஸ்கைத் திறக்கத் தெரியும். தனக்கென ஒரு ஸ்கிரிப்ட் மொழி வைத்திருக்கிறது. பின்னணிக்குப் போட ஜேபெக், பிஎன்ஜி படங்களைப் படிக்கிறது. கணினியின் குட்டி ஸ்பீக்கரில் மெட்டு வாசிப்பதற்குக்கூட அதில் ஒரு கட்டளை உண்டு, விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கு உப்புமா கிண்ட யாராவது கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுவார்களா?

அண்டா பெரிதாக இருந்தால் என்ன, உப்புமா வெந்தால் சரி என்று சிலர் சொல்வார்கள். சில விஷயங்களை மட்டும் எடுத்துவைக்கிறேன். 2015இல் ஸ்பெயினின் வலென்சியாவிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், கிரப் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 முறை அழுத்தினால் கடவுச்சொல்லைத் தாண்டி உள்ளே போய்விடலாம் என்று கண்டுபிடித்துக் காட்டினார்கள். 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற ஓட்டையை எக்லிப்ஸியம் நிறுவனம் வெளியிட்டது. கிரப் தன் கான்ஃபிக் கோப்பைப் படிக்கும் விதத்திலேயே பிழை. அதை அடைக்க வந்த அப்டேட், ரெட் ஹேட் வழியில் வந்த கணினிகள் சிலவற்றைக் கிளம்பவிடாமல் செய்தது. 2025 பிப்ரவரியில் கிரப்புக்கு ஒரு பெரிய பாதுகாப்புத் திருத்தத் தொகுப்பு வந்தது. அதில் ஃபைல் சிஸ்டம்களைப் படிக்கும் பகுதிகளில் இருந்த ஓட்டைகளோடு ஜேபெக் படம் படிக்கும் பகுதியில் இருந்ததும் உண்டு. கணினி கிளம்புவதற்கும் ஜேபெக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது.

ஓட்டைகளைவிட என்னை அதிகம் பாதிப்பது கிரப்பின் கான்ஃபிக் கோப்புதான். அதைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது, இந்தக் கோப்பைத் திருத்தாதே என்ற எச்சரிக்கை. திருத்த வேண்டியது வேறு இடத்தில், ஒரு சிறு கோப்பில். அதோடு எண் போட்டு வரிசைப்படுத்திய ஸ்கிரிப்டுகள் ஒரு ஃபோல்டர் நிறைய. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கட்டளை அரைத்துத் தருவதுதான் அந்த நீண்ட கோப்பு. சொந்தக் கணினி எப்படிக் கிளம்புகிறது என்று சொல்லும் கோப்பை அதன் சொந்தக்காரர் தொடக்கூடாது என்றால், அவருக்குப் போனில் நான் என்னத்தைச் சொல்வது?

பாபநாசத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். கல்யாணப் பத்திரிகை வேலைதான் பிழைப்பு. மின்ட் போட்டுக் கொடுத்திருந்தேன், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய அக்கா மகன் கல்லூரி லீவுக்கு வந்தவன் டிஸ்கில் காலியாக இருந்த இடத்தில் உபுண்டுவையும் போட்டுப் பார்த்திருக்கிறான். ஆசை தீர்ந்ததும் அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். முகூர்த்த சீசன். மறுநாள் காலை பிரஸ்ஸுக்குப் போக வேண்டிய ஃபைல் உள்ளே மாட்டிக்கொண்டது. ராத்திரி போன் வந்தது.

"அக்கா, கறுப்பா ஒரு திரை. கிரப்னு எழுதி ஒரு அம்புக்குறி நிக்குது. வேற ஒண்ணுமே இல்லக்கா."

"சரி தம்பி, பதறாதீங்க. மின்ட் உள்ளதான் இருக்கும். எல், எஸ், ரெண்டு எழுத்து அடிச்சு என்டர் தட்டுங்க."

அவர் படித்துக் காட்டியது அடைப்புக்குறிகளின் ஊர்வலம். எச்டி பூஜ்யம், கமா, ஜிபிடி ஒன்று. எச்டி பூஜ்யம், கமா, ஜிபிடி இரண்டு. அப்படியே நான்குவரை. கிரப் டிஸ்குகளைப் பூஜ்யத்திலிருந்தும் பார்ட்டிஷன்களை ஒன்றிலிருந்தும் எண்ணும். பழைய கிரப் இரண்டையுமே பூஜ்யத்திலிருந்து எண்ணியது. இதைப் போனில் விளக்கிப் பாருங்கள். "பூஜ்யமா, ஓ எழுத்தா?" "கமாவுக்கு அப்புறம் இடம் விடணுமா?" "அடைப்புக்குறி எங்கக்கா இருக்கு?" ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஒன்பதைத் தட்டச் சொன்னேன். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போய், மின்ட் இருந்த இடம் கண்டுபிடித்து, அதன் கான்ஃபிக் கோப்பின் முழு முகவரியையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மின்ட் வந்தது. அப்புறம் கிரப்பை மறுபடி நிறுவச் சொல்லிக் கட்டளை கொடுத்தோம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் கவனிக்க வேண்டியது. மின்ட், உபுண்டுவிலிருந்து பிறந்தது. இரண்டுமே ஃபர்ம்வேருக்கான பார்ட்டிஷனில் உபுண்டு என்ற ஒரே பெயருள்ள ஃபோல்டரில்தான் தங்கள் கிரப்பை வைக்கின்றன. கடைசியாக வந்தவருக்கு வீடு. அந்தப் பையன் உபுண்டுவைப் போட்டதும் அந்த ஃபோல்டரில் இருந்த குட்டிக் கோப்பு உபுண்டுவின் பார்ட்டிஷனைக் காட்ட ஆரம்பித்தது. பார்ட்டிஷனை அழித்த பிறகும் அது இல்லாத இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மின்ட்டுக்கு ஒரு கீறலும் இல்லை, அதற்குப் போகிற வழிதான் அறுந்துபோயிற்று.

இனி எளிய லோடர்கள். பயாஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ வந்ததும் விளையாட்டு விதிகளே மாறின. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து கடைக்கு வரும் கணினிகளில் பெரும்பாலும் யூஇஎஃப்ஐதான். இந்த ஃபர்ம்வேருக்கு 512 பைட் என்ற கஷ்டகாலம் இல்லை. டிஸ்கில் ஃபேட் முறையில் அமைந்த ஒரு சிறு பார்ட்டிஷனை அதுவே படிக்கும், அதிலிருக்கும் நிரலைப் பெயர் சொல்லி எடுக்கும், எதைக் கிளப்புவது என்று கேட்கத் தன்னிடமே ஒரு மெனு வைத்திருக்கும். கிரப் சுமந்துவந்த சுமையில் பாதி அதோடு இறங்கிவிட்டது. லினக்ஸ் கெர்னலே 2012இல் 3.3 பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ நேரடியாக ஓட்டக்கூடிய நிரலாகவும் ஆகிவிட்டது. கொள்கையளவில் நடுவில் லோடரே வேண்டாம்.

வேண்டாம் என்பது சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. நான் வாடிக்கையாளர் கணினியில் அதைச் செய்வதில்லை. கெர்னலுக்குச் சொல்ல வேண்டிய வரியை மதர்போர்டின் நினைவில் எழுதிவைக்க வேண்டும். சில மதர்போர்டுகள் எழுதியதை மறந்துவிடும், சில விண்டோஸைத் தவிர வேறு பெயரைக் கண்டாலே முகம் திருப்பும். அப்டேட்டில் புதுக் கெர்னல் வந்து அது சரியில்லை என்றால், பழையதைத் தேர்ந்தெடுக்க ஒழுங்கான மெனுவும் இருக்காது. போனில் சொல்லவும் முடியாது.

எனக்குப் பொருந்தியது சிஸ்டம்டி-பூட். கே சீவர்ஸும் ஹரால்டு ஹோயரும் 2012இல் கம்மிபூட் என்ற பெயரில் எழுதியது, 2015இல் சிஸ்டம்டி என்ற மென்பொருள் தொகுப்போடு சேர்ந்தது. அது எந்த ஃபைல் சிஸ்டத்தையும் தானாகப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஃபர்ம்வேர் படிக்கும் ஃபேட் போதும், கெர்னலை அங்கேயே வைத்துவிடுங்கள் என்கிறது. படம் இல்லை, மெட்டு இல்லை, ஸ்கிரிப்ட் மொழி இல்லை. மெனு ஒரு கறுப்புத் திரை, நடுவில் சில வரிகள்.

ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு சிறு உரைக்கோப்பு. அதில் முக்கியமானவை நான்கு வரிகள். டைட்டில் என்பதற்குப் பக்கத்தில் மெனுவில் தெரிய வேண்டிய பெயர். லினக்ஸ் என்பதற்குப் பக்கத்தில் கெர்னல் இருக்குமிடம். இனிட்ஆர்டி என்பதற்குப் பக்கத்தில் அந்த மூட்டை இருக்குமிடம். ஆப்ஷன்ஸ் என்பதற்குப் பக்கத்தில் கெர்னலிடம் சொல்ல வேண்டிய வரி. முடிந்தது. பொதுவான அமைப்புக்கு இன்னொரு கோப்பு: எதை முதலில் கிளப்புவது, எத்தனை நொடி காத்திருப்பது. இதில் எங்கும் திருத்தாதே என்ற எச்சரிக்கை கிடையாது. பென் டிரைவில் ஏதாவது ஒரு லினக்ஸைக் கிளப்பி, அந்த ஃபேட் பார்ட்டிஷனைத் திறந்து, சாதாரண எடிட்டரில் மாற்றிக்கொள்ளலாம்.

இதையும் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். டெபியனில் சிஸ்டம்டி-பூட் பேக்கேஜை நிறுவினால் அதுவே எல்லாவற்றையும் அமைத்து, கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் புதுக் கோப்பையும் எழுதிவிடும், நல்ல காரியம். ஆனால் அந்தக் கோப்புக்கு அது வைக்கும் பெயர் 32 எழுத்து எண் கலவையில் தொடங்கும். பார்த்தால் தலை சுற்றும். நல்லவேளையாக அதை யாரும் தட்ட வேண்டியதில்லை, அம்புக்குறியால் தேர்ந்தெடுத்தால் போதும்.

மெனு தெரியவில்லையா, ஆன் செய்யும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடியுங்கள். இன்றைய கெர்னல் ஒத்துவரவில்லையா, கீழ் அம்புக்குறி, என்டர். அதே பழையதை இனி எப்போதும் வரவைக்க வேண்டுமா, அதன்மேல் நின்று டி எழுத்தைத் தட்டுங்கள். அதே ஃபேட் பார்ட்டிஷனில் இருக்கும் விண்டோஸ் லோடரைத் தேடிப்பிடித்து அதுவே மெனுவில் சேர்த்துக்கொள்ளும். நிறுவும்போது, எந்த ஃபர்ம்வேரும் கடைசியாகத் தேடிப் பார்க்கும் பொதுப்பெயரிலும் தன் பிரதி ஒன்றை வைத்துவிடும். ஆகவே பயாஸ் செட்டிங்கெல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிட்ட பழைய மதர்போர்டிலும் பெரும்பாலும் கிளம்பிவிடுகிறது. பாபநாசத்துத் தம்பியின் கணினியில் இது இருந்திருந்தால், அந்தப் பையனின் கிரப் ஒரு பக்கம் செத்துக் கிடந்திருக்கும், மின்ட்டின் லோடர் அதன் சொந்த ஃபோல்டரில் இருந்திருக்கும். ஆன் செய்யும்போது எஃப்12ஐத் தட்டுங்கள், லினக்ஸ் பூட் மேனேஜர் என்று ஒரு வரி இருக்கும், என்டர். (எஃப்12 என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எஃப்9, எஸ்கேப் எல்லாம் உண்டு. ஏன் எல்லோரும் ஒன்றையே வைக்கக்கூடாது என்பதற்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும்.)

ஒரே கணினியில் நாலைந்து லினக்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் மாணவர்களுக்கு மட்டும் நான் ரீஃபைண்டைச் சொல்வேன். ராடரிக் ஸ்மித் என்பவர் எழுதியது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிஸ்கில் என்னென்ன இருக்கிறது என்று புதிதாகத் துழாவி ஐகான்களாகக் காட்டும். ஒன்றை அழித்தால் அடுத்த முறை அது காட்டாது, அவ்வளவுதான். ஆப்பிள் கணினிகளிலும் நன்றாக ஓடுகிறது.

சரி, எல்லாரும் கிரப்பைத் தூக்கிப்போடலாமா? கூடாது. நானே பல கணினிகளில் அதைத்தான் விட்டுவைத்திருக்கிறேன். பயாஸ் மட்டும் உள்ள பழைய கணினிகளில் சிஸ்டம்டி-பூட் ஓடவே ஓடாது. புதிய மதர்போர்டாக இருந்தும் பழைய விண்டோஸ் 7 பழக்கத்தில் லெகஸி (பயாஸ்) முறையில் போட்டுவைத்த அசெம்பிள் கணினிகள் நம் ஊரில் ஏராளம். லினக்ஸில் சிஸ், ஃபர்ம்வேர் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் இஎஃப்ஐ என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கிரப்போடு குடும்பம் நடத்த வேண்டியதுதான். ஓபன்சூசேயில் அப்டேட் சொதப்பினால் பழைய ஸ்நாப்ஷாட்டை மெனுவிலிருந்தே கிளப்பும் வசதியைக் கிரப் அருமையாகச் செய்கிறது, அது வேண்டுமென்பவர் அதிலேயே இருக்கலாம். சர்வர்களில் ரெய்டு, எல்விஎம் என்று சிக்கலான அமைப்பு இருந்தால் அண்டா தேவைதான்.

கையெழுத்திட்ட நிரல்களை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட்டை அணைக்கக்கூடாது என்ற கட்டாயம் உள்ள அலுவலகக் கணினிகளிலும் நான் கை வைப்பதில்லை. கையெழுத்திட்ட கிரப்பை லினக்ஸ் நிறுவனங்களே தருகின்றன, தலைவலி குறைவு. அதிலும் முழு நிம்மதி இல்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, ஓட்டையுள்ள பழைய கிரப்புகளைத் தடுக்கப் போய், விண்டோஸோடு சேர்ந்திருந்த லினக்ஸ் பலவற்றைக் கிளம்பவிடாமல் செய்தது உலகம் முழுக்க நடந்த கதை.

நடைமுறையில் பெரிய இடைஞ்சல் இடம். விண்டோஸ் தன் வசதிக்கு அமைத்துக்கொள்ளும் ஃபேட் பார்ட்டிஷன் பல கணினிகளில் 100 எம்பிதான். சிஸ்டம்டி-பூட்டுக்கு கெர்னலும் மூட்டையும் அங்கேயே இருக்க வேண்டும். மூட்டை ஒன்றே பல பத்து எம்பி இருக்கும். இரண்டு கெர்னல் வைத்தால் நிரம்பிவிடும். நிரம்பிய பார்ட்டிஷனில் அடுத்த கெர்னல் அரைகுறையாக இறங்கினால் கணினி கிளம்பாது. அதனால் விண்டோஸ் கூடவே இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு, முதலில் டிஸ்கில் இடம் பிரித்து, கெர்னல்களுக்கென்று ஒரு ஜிபியில் தனிப் பார்ட்டிஷன் அமைத்துவிட்டுத்தான் இதைப் போடுவேன். விண்டோஸ் வேண்டாம் என்று முழுதாகத் துடைத்துப் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, நாமே பெரிதாக அமைத்துக்கொள்ளலாம்.

அப்படித் துடைத்துப் போடச் சொல்பவர்கள் இப்போது நிறையப் பேர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2014, 2016இல் வாங்கிய கணினிகளுக்கு அந்தக் கதவு சாத்தியாயிற்று. அவற்றில் ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸை நிறுவினால் இன்னும் பல வருஷம் ஓடும். இவற்றில் கம்பெனி லேப்டாப்புகள் பெரும்பாலும் யூஇஎஃப்ஐதான். எளிய லோடருக்கு இவ்வளவு பொருத்தமான கூட்டம் இதற்கு முன் வந்ததில்லை.

இதற்கு முன்னால் தமிழ்நாட்டில் லினக்ஸ் கூட்டமாக வந்தது 2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினிகளில். ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும் மெனுவை நம் பிள்ளைகளில் பலர் முதலில் பார்த்தது அதில்தான். அந்த மெனு என்ன, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பெரும்பாலோருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏதாவது கடையில் கொடுத்து விண்டோஸை மறுபடி போட்டால் மெனு காணாமல் போகும். லினக்ஸ் டிஸ்கில் அப்படியே இருக்கும், ஆனால் அழிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கடைக்கு வந்தவற்றில் அப்படி எத்தனையோ. லினக்ஸைப் பிடிக்கவில்லை என்று யாரும் விடவில்லை, அதற்குள் போகிற வழி தெரியாமல்தான் விட்டார்கள்.

நான் கேட்பது இந்த வேலை செய்கிறவர்களுக்குப் புதிதல்ல. சிஸ்டம்76 நிறுவனத்தின் பாப் ஓஎஸ், யூஇஎஃப்ஐ கணினிகளில் பல வருஷமாக சிஸ்டம்டி-பூட்டைத்தான் போடுகிறது. அதைப் பயன்படுத்துகிறவர்களில் பாதிப்பேருக்கு அது தெரிந்திருக்காது. ஆர்ச் லினக்ஸ் வழியில் வந்த எண்டெவர்ஓஎஸ் கதை இன்னும் பொருத்தமானது. 2022 ஆகஸ்டில் ஆர்ச் வழி லினக்ஸ்களுக்கு ஒரு கிரப் அப்டேட் வந்தது. புதிய கிரப் எழுதிய கான்ஃபிக் கோப்பில் ஒரு புதுச் சொல் இருந்தது. பூட் செய்யும் இடத்தில் இருந்த பழைய கிரப்புக்கு அது புரியவில்லை. கணினிகள் ஆன் ஆனதும் பயாஸ் திரைக்குப் போய் நின்றன. மறுபடி ஆன் செய்தாலும் அதே. அந்த டிசம்பரில் வந்த எண்டெவரின் புதிய பதிப்பில் நிறுவும்போதே லோடரைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் சேர்ந்தது. முன்கூட்டியே டிக் செய்து வைத்திருந்தது சிஸ்டம்டி-பூட்டை.

உபுண்டுவும் மின்ட்டும் அதே பக்கத்தைச் சேர்த்தால் போதும். யூஇஎஃப்ஐ கணினியா, டிஸ்க் முழுக்க லினக்ஸுக்கா, அப்படியானால் எளிய லோடர் என்று ஒரு டிக். வேண்டாதவர்கள் கிரப்புக்கு மாற்றிக்கொள்ளட்டும். ஃபர்ம்வேர் பார்ட்டிஷனை முதலிலேயே ஒரு ஜிபிக்குக் குறையாமல் அமைத்துவிட்டால் பின்னால் எந்த லோடருக்கு மாறினாலும் இடம் இருக்கும். அதுவரை என் கடையில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு கணினிக்கும் பில்லின் பின்புறம் பூட் மெனுவுக்கான பட்டன் எது, போட்டிருக்கும் லோடர் எது, ரூட் பார்ட்டிஷன் எது என்று எழுதிக் கொடுக்கிறேன். நீங்கள் வேறு கடையில் போட்டுக்கொண்டாலும் இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.